வளர்கின்ற முடிக்கு விலை பேச வேண்டாம்

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், வவுனியாவில் உள்ள எனது கடைக்கு ஒரு ரீச்சர் வந்தார். நெடுங்காலமாக எங்களிடம் சாமான் வாங்குபவர். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றி முடித்து நாலு மாதம். தலையில் சுற்றியிருந்த துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். ஓர் அங்குல நீளத்தில் நரைத்த முடி, சுருள் சுருளாக நின்றது.

"நானா, எனக்கு முந்தி எவ்வளவு நீட்டு முடி எண்டு உங்களுக்குத் தெரியும். இதென்ன கோலம்? பள்ளிக்கூடம் துவங்கப் போகுது. கறுப்பாக்க ஒரு டை தாங்கோ" என்றார.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. ராக்கையில் அதிகம் விலைபோகும் கறுப்பு டை பக்கற்றை எடுத்துக் கொடுத்தேன். அதோடு, முடி வளரும் என்று எழுதியிருந்த எண்ணெய்ப் போத்தல் ஒன்றையும் தலையில் கட்டிவிட்டேன். அதில் எனக்கு நல்ல லாபம்.

நாலாம் நாள் ரீச்சரின் மகன் வந்தார். தாயின் தலைத்தோல் சிவந்து கொப்புளம் போட்டுவிட்டதாம். தம்பி சண்டை பிடிக்கவில்லை. "கடைக்காரர் ஒண்டும் கேட்கேல்லையா எண்டு டொக்டர் கேட்டவர்" என்று மட்டும் சொன்னார். நான் கேட்கத்தான் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மனதில் இருந்த பாரம் இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் தெரிந்தவர்களிடம் விசாரித்து விஷயத்தை அறிந்துகொண்டேன். வியாபார நண்பர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இது நமது வாடிக்கையாளரின் பிரச்சினை

ஒரு காலத்தில் வன்னி நோயாளிகளுக்கு மஹரகமவை விட்டால் கதியில்லை. 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே ஆகிய இருவரின் முன்முயற்சியில் தெய்வேந்திரமுனையிலிருந்து வன்னியைக் கடந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடைபயணம் ஒன்று நடந்தது. அதில் சேர்ந்த பணத்தில் எழுந்த தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. அந்த இருவரும் ஆடைத் தொழில் துறையில் இருந்தவர்கள் என்பது நம் போன்றோர் கவனிக்க வேண்டியது. இன்று சிகிச்சை முடித்து வீடு திரும்புகிறவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் செட்டிகுளத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் போவது பென்சி கடைக்கும் புடவைக் கடைக்கும் சலூனுக்கும்தான்.

முடி ஏன் போகிறது, எப்போது வருகிறது?

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகிறது. முடி வேரில் உள்ள கலங்களும் அப்படிப் பெருகுபவை. ஆகவே முதல் மருந்து ஏற்றி இரண்டு மூன்று கிழமையில் முடி கொட்டத் தொடங்கும். எல்லாக் கீமோ மருந்துக்கும் முடி கொட்டுவதில்லை என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

மருந்து நின்று ஒரு மாதம் அளவில் பூனை மயிர் போல மெல்லிய முடி எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று மாதத்தில் உண்மையான முடி தெரியும். பிறகு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். முந்தி நேராக இருந்தது சுருளாகவும், கறுப்பாக இருந்தது நரையாகவும் வரலாம். பெரும்பாலும் நாளடைவில் பழைய நிலைக்குத் திரும்பும். ஆறு மாதமாகியும் சரியாக வளராவிட்டால் வைத்தியரிடம் போகச் சொல்ல வேண்டும். சில மருந்துகளின் பின் சிலருக்கு அப்படி நேர்வதுண்டு. தொடர்ந்து குடிக்கும் ஹோர்மோன் மாத்திரையாலும் முடி ஐதாகலாம்.

எதைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

ஷம்பூ: குழந்தைகளுக்கான மென்மையான ஷம்பூ போதும். கிழமைக்கு இரண்டு முறை. துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். மென்மையான பிரஷ், அகலப் பல் சீப்பு நல்லது.

டை: சிகிச்சை முடிந்து ஆறு மாதமாவது பொறுப்பது நல்லது என்பதே பொதுவான ஆலோசனை. அதன் பிறகும் வைத்தியரைக் கேட்டு, காதின் பின்னால் சிறிது பூசி இரண்டு நாள் பார்த்த பிறகே தலைக்குப் போட வேண்டும். கறுப்பு டை பலவற்றில் பி.பி.டி. என்ற இரசாயனம் இருக்கிறது. 'கறுப்பு மருதாணி' என்று விற்கப்படுவதிலும் அது இருக்கலாம். மருதாணி என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

தலைத் துணி: ஜோர்ஜெட் வழுக்கும், தோலை உராயும். பருத்தியே சிறந்தது. ஹிஜாபின் உள்ளே அணியும் பருத்தித் தொப்பி நம் கடைகளில் உண்டு. அதைத் தமிழ், சிங்கள சகோதரிகளுக்கும் எடுத்துக் காட்டலாம்.

விக்: செயற்கை நாரில் செய்த விக் அடுப்புச் சூட்டில் கருகிச் சுருண்டுவிடும். இதைச் சொல்லாமல் விற்கக் கூடாது. ஒட்டு முடி பற்றிய மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சலூன்காரர்கள்: கீமோ நடக்கும்போது தலையை மழிக்க வந்தால் சவரக் கத்தி வேண்டாம், கிளிப்பர் போதும். அந்த நேரத்தில் சிறு வெட்டுக் காயமும் கிருமி தொற்ற வழியாகும். முடி வளரும்போது காதோரமும் பிடரியும் சமப்படுத்திக் கத்தரித்தால், கட்டையாக இருந்தாலும் வேண்டுமென்றே வெட்டியதுபோல அழகாக இருக்கும். ஸ்ட்ரெயிட்னிங், பேர்மிங், சூடான இரும்பு இப்போதைக்கு வேண்டாம். பெண்களுக்குப் பெண்ணே செய்யட்டும். திரை போட்ட ஒரு மூலை இருந்தால் போதும், மனம் குளிர்ந்துவிடும்.

எண்ணெயின் கணக்கு

கீமோ முடிந்தவருக்கு எண்ணெய் விற்று, மூன்று மாதத்தில் முடி வரும் என்றால், மூன்று மாதத்தில் முடி வரத்தான் செய்யும். எண்ணெய் பூசாவிட்டாலும் வந்திருக்கும். இறைவன் வளர்ப்பதற்கு நாம் பில் போடுகிறோம். சிகிச்சைக்குப் போக்குவரத்திலேயே நகையை அடகு வைத்தவர்களிடமிருந்து அந்தக் காசு வருகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தலைத்தோல் காயாமல் இருக்கக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும் என்று சொல்வதில் நமக்கு என்ன நட்டம்?

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளைப் பற்றிப் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. போத்தலில் எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லி நாம் தப்ப நினைக்கக் கூடாது.

இப்போது எங்கள் கடையில் டை கேட்டு வருகிறவரிடம் பெடியன்மார் ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஏதும் மருந்து எடுக்கிறீங்களா?" இதனால் மாதத்தில் இரண்டொரு பக்கற் விற்காமல் போவதுண்டு. அந்த ரீச்சர் இன்றும் வருகிறார். முடி தோள் வரை வளர்ந்துவிட்டது. நரையை அப்படியே விட்டுவிட்டார். சிகிச்சை முடித்து வருகிற தெரிந்தவர்களை அவரே எங்கள் கடைக்கு அனுப்புகிறார். "அந்த நானா கேட்டுப்போட்டுத்தான் தருவார்" என்று சொல்லி அனுப்புகிறாராம்.