வீட்டு பீருக்கு நாட்டுச் சர்க்கரை போடலாமா?

இங்கிலாந்துல படிக்கிற ஸ்ரீரங்கத்துத் தம்பி ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கார். "அண்ணா, 20 லிட்டர் பீர் போட்டிருக்கேன். பாட்டில்ல அடைக்கும்போது அம்மா கொடுத்தனுப்பின நாட்டுச் சர்க்கரையைச் சேர்க்கலாமா?"

முதல்ல ஒரு விஷயம். சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச அங்கே 1963-லிருந்து லைசென்ஸ் தேவையில்லை. இங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதனால திருச்சியில கேட்கறவங்க அறிவியலை மட்டும் எடுத்துக்கோங்க.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல கோலி சோடா குடிச்சிருப்பீங்க. அதுல கேஸை வெளியிலிருந்து மெஷின் வெச்சு ஏத்துறாங்க. வீட்டு பீர்ல அந்த வேலையை ஈஸ்ட் பார்க்குது. புளிச்சு முடிஞ்ச பீர்ல கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மூடினா, ஈஸ்ட் அதைத் தின்னு கார்பன் டை ஆக்ஸைடு விடும். வெளியே போக வழியில்லாம, அது பீர்லயே கரைஞ்சிடும்.

அப்போ எந்தச் சர்க்கரை? கேஸைப் பொறுத்தவரை வகையை விட எடைதான் முக்கியம். 20 டிகிரி வெப்பத்துல புளிச்ச பீருக்கு, லிட்டருக்கு சுமார் 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை போதும். 20 லிட்டருக்கு 120 கிராம். கடையில விக்கிற குளுக்கோஸ் தூள்னா, அதுல தண்ணியும் சேர்ந்திருக்கறதால சுமார் 135 கிராம். நாட்டுச் சர்க்கரையில ஈரமும் மத்த பொருளும் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். சரியா எவ்வளவு கேஸ் வரும்னு சொல்ல முடியாது. லிட்டருக்கு 6 கிராம்ல அம்மா ஊர் வாசனையும் பெருசா தெரியாது. அதைக் காபிக்கு வெச்சுக்கோங்க தம்பி.

ஸ்பூன்ல அளக்காதீங்க, தராசுல நிறுங்க. கொஞ்சம் தண்ணியில கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, மொத்த பீர்லயும் மெதுவா கலந்துட்டு அப்புறம் பாட்டில்ல ஊத்துங்க. ஒவ்வொரு பாட்டில்லயும் தனித்தனியா போட்டா அளவு ஒரே மாதிரி இருக்காது.

கடைசியா, இதுதான் முக்கியம். பீர் முழுசா புளிக்கறதுக்கு முன்னாடி அடைச்சா, உள்ளே மிச்சமிருக்கற சர்க்கரையும் கேஸா மாறும். பாட்டில் வெடிச்சா கண்ணாடித் துண்டு முகத்துல பாயும். ஹைட்ரோமீட்டர் அளவு ரெண்டு மூணு நாள் மாறாம இருக்கான்னு பார்த்துட்டு, தடிமனான பீர் பாட்டில்ல மட்டும் அடைங்க. அவசரப்படாதீங்க தம்பி, ஒரு வாரம் தள்ளிப்போனா பீர் கெட்டுப் போகாது.