பாரசீக மொழியில் இதயநோயின் சுமையை அளத்தல்

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதைக் குறிப்பதன்று; உடலுக்கு வேண்டிய அளவு குருதியைச் செலுத்த இதயத்தால் இயலாமல், மூச்சிரைப்பும் கால்வீக்கமும் ஓயாத களைப்பும் ஆண்டுக்கணக்கில் தொடரும் நிலையையே மருத்துவர்கள் அவ்வாறு அழைக்கின்றனர். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறைக் குருதியில் எத்தனை விழுக்காடு வெளியேறுகிறது என்பதை எக்கோ பரிசோதனை காட்டிவிடும் என்றாலும், அந்த எண்ணுக்கும் நோயாளி அன்றாடம் படும் பாட்டுக்கும் உள்ள தொடர்பு வலுவற்றது என்பதால், அப்பாட்டை அவரிடமே கேட்டறியும் வினாத்தாள்கள் தோன்றின. அவற்றுள் நன்கறியப்பட்டது, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரெக்டர், ஜே கோன் முதலியோர் 1980களில் உருவாக்கியது. அதிலுள்ள 21 கேள்விகளுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படுகிறது. கூட்டுத்தொகை 105ஐ நெருங்க நெருங்க வாழ்க்கைத் தரம் தாழ்ந்திருப்பதாகப் பொருள்.

இத்தகைய வினாத்தாளை ஈரானில் பயன்படுத்த வேண்டுமானால், அதைப் பாரசீகத்தில் பெயர்த்து, மூலத்தை அறியாத வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி, இரண்டையும் ஒப்பிட்டு, நோயாளிகள் சிலரிடம் படித்துக்காட்டிச் சரிபார்ப்பது வழக்கம். இது பணியின் எளிய பாதியே. மின்னசோட்டா வினாத்தாள் வீட்டைச் சுற்றிய தோட்டவேலையைப் பற்றியும் தாம்பத்திய உறவைப் பற்றியும் கேட்கிறது. தெஹ்ரானின் அடுக்குமாடியில் வாழும் முதிய கைம்பெண்ணுக்கு இவை பொருந்தாதபோது, விதிப்படி 0 இடவேண்டும். பாதிப்பே இல்லாதவருக்கும் அதே 0 தான் என்பதால், வாழ்க்கை சுருங்கிப்போனவரின் சுமை தாளில் குறைந்து தெரியக்கூடும். தொழுகையில் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும்போது மூச்சு முட்டுகிறதா என்று மூலம் கேட்கவில்லை. எவ்வளவு திறமையான மொழிபெயர்ப்பும் அக்கேள்வியைச் சேர்க்க முடியாது. ஈரானியர் எல்லோருக்கும் பாரசீகம் தாய்மொழியன்று என்பதும் கருதத்தக்கது; தப்ரீஸ் நகரத்தாரில் பெரும்பாலோருக்கு அஜர்பைஜானித் துருக்கியே தாய்மொழி.

கேள்விகள் ஒன்றோடொன்று இசைந்து ஒரே பண்பை அளக்கின்றனவா என்பதைக் காட்ட, லீ குரோன்பாக் 1951இல் விளக்கிய ஆல்ஃபா என்னும் எண் பயன்படுகிறது; அது 0.7ஐத் தாண்டினால் போதும் என்பது பொதுவழக்கு. பொது உடல்நலத்தை அளக்கும் எஸ்எஃப்-36 வினாத்தாளின் ஈரானிய வடிவம் தெஹ்ரானில் 4,163 பேரிடம் சோதிக்கப்பட்டு 2005இல் வெளியானபோது, உடலூக்கம் பற்றிய பகுதி மட்டும் 0.65இல் நின்றதை ஆய்வாளர்கள் மறைக்காமல் தெரிவித்தனர். உயர்ந்த ஆல்ஃபாவும் ஓரளவு ஐயத்துக்குரியதே. ஒரே கேள்வியைப் பலவாறு திருப்பிக் கேட்டாலும் அந்த எண் ஏறிவிடும்.

ஆகவே ஏற்புடைமை, அதாவது அளக்க நினைத்ததையே கருவி அளக்கிறதா என்பது, தனியே நிறுவப்பட வேண்டும். நியூயார்க் இதயச் சங்கம் நோயின் கடுமையை நான்கு வகுப்புகளாகப் பிரித்துள்ளது. நடமாடினாலும் தொல்லையற்ற முதல் வகுப்பினரையும் ஓய்விலும் மூச்சுத் திணறும் நான்காம் வகுப்பினரையும் பாரசீக மதிப்பெண்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டவேண்டும். இதைவிடக் கடினமான சோதனை, ஒரே நோயாளியிடம் காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தைக் கருவி உணர்கிறதா என்பதாகும். மின்னசோட்டா அளவுகோலில் 5 புள்ளி வேறுபாடு நோயாளிக்குப் பொருளுடையதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது; அதே 5 புள்ளி ஈரானிய நோயாளிக்கும் அதே அளவு நிவாரணத்தைக் குறிக்கிறதா என்பதை, ஒருமுறை மட்டும் தாளை நிரப்பச் சொல்லும் ஆய்வால் கூற இயலாது; சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதே மனிதரைக் கேட்டாக வேண்டும்.