பூமி பூஜைக்குப் பிறகு

புதுச்சேரி நாளிதழ்களில் அநேகமாக நாள்தோறும் ஒரு பூமி பூஜைப் படம் வரும். எந்தத் தெரு, சாலையா வாய்க்காலா, எத்தனை லட்சம் என்பதெல்லாம் படத்தின் கீழேயே இருக்கும். அந்த லட்சங்கள் சிமென்டாகவும் ஜல்லியாகவும் தரையில் இறங்கினவா என்று பிறகு செய்தி வருவது அபூர்வம். அதைச் சொல்லும் காகிதங்கள் மட்டும் ஒவ்வொரு வேலைக்கும் உண்டு.

2025-26ஆம் ஆண்டுக்குப் புதுச்சேரி அரசு போட்ட பட்ஜெட் 13,600 கோடி ரூபாய். யூனியன் பிரதேசம் என்பதால் முன்கூட்டியே மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற பிறகே அது சட்டப்பேரவைக்கு வரும். பேரவை நிறைவேற்றியதும் பணம் துறைவாரியாகப் பிரியும். ஒரு தெரு வாய்க்கால் என்றால் எஸ்டிமேட், நிர்வாக ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று கோப்பு நகரும். இதுவரை எல்லாம் எண்ணம்தான். செலவு உண்மையாவது ‘எம்-புக்’ என்று பொறியாளர்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தில்.

முடிந்த வேலையை இளநிலைப் பொறியாளர் நேரில் நாடா பிடித்து அளந்து, நீளம், அகலம், கனம் என்று இதில் எழுத வேண்டும். பக்கங்களுக்கு அச்சிட்ட எண் உண்டு. ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது. தவறாக எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். மேலதிகாரி ஒரு பகுதியை மறுபடி அளந்து பார்க்க வேண்டும். கான்ட்ராக்டரின் பில் இந்தப் பக்கங்களிலிருந்துதான் பிறக்கிறது.

ஒரு கணக்கு. 100 மீட்டர் வாய்க்காலுக்கு 90 சென்டிமீட்டர் அகலத்தில் அடித்தள கான்கிரீட், கனம் 10 சென்டிமீட்டர் என்று எம்-புக் சொன்னால் 9 கன மீட்டருக்குப் பணம் போகும். போட்டது ஏழரை சென்டிமீட்டர்தான் என்றால் உண்மை அளவு 6.75 கன மீட்டர். இரண்டேகால் கன மீட்டர் கான்கிரீட் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. மேலே தளம் மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கூட்டல் கழித்தலிலும் பிழை வராது. தரத்துக்கும் இதே கதைதான். 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள கான்கிரீட் கட்டிகளை வார்த்து, 28 நாள் கழித்து உடைத்துப் பார்த்த சோதனை அறிக்கை கோப்பில் இருக்க வேண்டும்.

பில் தேறியதும் கணக்கு மற்றும் கருவூலத் துறை பணம் கொடுக்கிறது. மாநிலங்களில் அரசின் கணக்கைத் தொகுப்பவர் பொதுவாக மாநிலக் கணக்காயர். புதுச்சேரியில் அரசின் சொந்தத் துறையான இதுவே தொகுக்கிறது. பிரதேசத்துக்கெனத் தனிப் பொதுக் கணக்கு 2007 டிசம்பரில்தான் தொடங்கியது. தொகுத்த கணக்கைச் சரிபார்ப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அவர் அறிக்கை துணைநிலை ஆளுநர் வழியாகச் சட்டப்பேரவைக்கு வருகிறது. அங்கே பொதுக் கணக்குக் குழு துறைச் செயலர்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிறது. முடியாமல் கிடக்கும் பணிகள், வாங்கிய மானியத்துக்கு வராத பயன்பாட்டுச் சான்றிதழ்கள் போன்றவை இந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் பாராக்கள். தணிக்கையாளர்கள் எல்லா வேலையையும் பார்ப்பதில்லை. மாதிரிக்குச் சிலவற்றை எடுப்பார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் சாலை ஓரிரு மழைக்காலங்களைப் பார்த்துவிட்டிருக்கும்.

வெளியார் பணம் வந்தால் கண்களும் கூடும். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து ‘மேரி’ என்னும் நகர மன்றக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு பழைய தோற்றத்திலேயே சுமார் 15 கோடி ரூபாயில் எழுப்பப்பட்டு, 2021 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. இத்தகைய திட்டத்தில் அரசின் விதிகளோடு வங்கியின் கொள்முதல் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. முன்னேற்ற அறிக்கைகளை வங்கியே பொதுவில் வைக்கிறது. தெரு வாய்க்காலுக்கு அந்த யோகம் இல்லை.

தெரு வாய்க்காலைத் தினமும் பார்க்க வேண்டிய கண் கவுன்சிலருடையது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, அடுத்தது 2006இல். அப்படி வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தபின், நகராட்சிகளும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கைக்குப் போயின. கொம்யூன் என்ற பிரெஞ்சுப் பெயர் நிலைத்தது, அதில் உட்கார வேண்டிய உறுப்பினர்தான் இல்லை. செலவைச் சரிபார்ப்பதில் ஊரின் பெரிய ஓட்டை இதுவே. மிஞ்சுவது குடிமக்களின் கண்தான்.

வரிப்பணம் எப்படிச் செலவாகிறது என்று பின்தொடரவும், அதிகாரியிடம் கணக்குக் கேட்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனம் தன் 14, 15ஆம் பிரிவுகளில் சொன்னது. ராஜஸ்தானில் 1994இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு அரசு வேலைகளின் வருகைப் பதிவேடுகளை ஊர் கூட்டி உரக்கப் படித்தது. செய்யாத வேலைக்குப் பெயர் எழுதிய கதை அங்கேயே வெளிப்பட்டது. அந்தப் போராட்டம் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை வந்தது.

அந்தச் சட்டம் காகித நகலோடு நிற்பதில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், எம்-புக்கைப் புரட்டிக் குறிப்பெடுக்கவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அது வழி செய்கிறது. கட்டணம் 10 ரூபாய். பதிலுக்குக் கெடு 30 நாள். புதுச்சேரிக்குத் தனித் தகவல் ஆணையம் கிடையாது. இரண்டாம் மேல்முறையீடு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும். மனுவில் ‘எங்கள் தெரு வாய்க்கால்’ என்று எழுதினால் எந்தக் கோப்பு என்று தெரியவில்லை எனத் தட்டிக் கழிக்க வசதியாகிவிடும். பூமி பூஜை அன்றே வேலையின் முழுப் பெயர், பணி ஆணை எண், தேதி மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.