செஸ் கடிகாரம்

ஆழ்வார்பேட்டை சோவியத் கலாசார மையத்தில் 1972-இல் மானுவல் ஆரோன் தொடங்கிய தால் செஸ் கழகத்தில் மின்னல்வேக ஆட்டங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஜெயித்தவர் உட்கார்ந்தே இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்த வரிசையில் நின்ற சிறுவர்களில் விஸ்வநாதன் ஆனந்தும் ஒருவர். வரிசையை நகர்த்தியது கடிகாரம்.

பழைய செஸ் கடிகாரம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கடிகாரங்கள்தான். காயை நகர்த்தியவர் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால், உள்ளே ஒரு நெம்புகோல் சாய்ந்து அவருடைய கடிகாரத்தின் ஓட்டத்தைத் தடுக்கும், எதிராளியின் கடிகாரத்தை விடுவிக்கும். பன்னிரண்டாம் எண்ணருகே ஒரு சிறு சிவப்புக் கொடி உண்டு. நிமிட முள் அதை மெல்லத் தூக்கிக்கொண்டே போய், மணி முழுதாகும்போது விட்டுவிடும். கொடி விழுந்துவிட்டால், ராணி கூடுதலாக வைத்திருந்தாலும் ஆட்டம் போய்விடும்.

1861-இல் மணற்கடிகாரம் வைத்து ஆடினார்கள். 1883 லண்டன் போட்டியில்தான் இயந்திரக் கடிகாரம் வந்தது. பாபி ஃபிஷர் 1989-இல் காப்புரிமை பெற்ற முறையோ பெரிய திருப்பம்: ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகள் கூடும். இன்று பல போட்டிகளில் 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். அறுபது நகர்த்தல் ஆடினால் ஆளுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

கிராண்ட்மாஸ்டர்களைவிட அமெச்சூர்களின் ஆட்டத்தில்தான் கடிகாரத்தின் ஆட்சி பளிச்சென்று தெரியும் என்பது என் எண்ணம். தொடக்கத்தில் எதை ஆடினாலும் பரவாயில்லை என்ற நிலையில் இருபது நிமிடம் யோசிப்பார்கள். பலகை கொதிக்கும் கட்டத்தில் கையில் இரண்டே நிமிடம் மிச்சமிருக்கும். சட்டென்று ஒரு சிப்பாயைத் தள்ளுவார்கள். தொட்ட காயை ஆடியே தீரவேண்டும் என்பதால் திரும்ப வழியில்லை. ஆட்டக் குறிப்புத் தாளில் நகர்த்தலுக்குப் பக்கத்தில் மிச்ச நேரத்தையும் எழுதிவைப்பது நல்ல பழக்கம். எங்கே நேரத்தைக் கரைத்தோம் என்பதை வீட்டுக்குப் போனபின் அந்தத் தாள் காட்டிக்கொடுக்கும்.

புதிதாகப் போட்டிக்கு வருகிறவர்கள் இரண்டு விதிகளை மறக்கவேண்டாம். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்தவேண்டும். நேரம் தீர்ந்தவர் தோற்றவரே. ஆனால் எதிராளியிடம் ராஜா மட்டுமே மிஞ்சியிருந்தால், செக்மேட்டுக்கு வழியில்லாததால், ஆட்டம் டிரா.