வெளிமானுக்கு ஏது வெளி?

'மச்சி, கடைசி பேப்பரும் முடிஞ்சாச்சு. நாளைக்கு எங்கே போலாம்?'

மால், பீச், சினிமா என்று வழக்கமான லிஸ்ட் ஓடியது. 'கிண்டி பார்க் போலாம்டா' என்றேன். 'சிறுவர் பூங்காவுக்கா? எங்களை எல்.கே.ஜி.னு நெனச்சியா?' என்று மொத்த கேங்கும் கலாய்த்தது. ஆனாலும் மறுநாள் காலை காந்தி மண்டபம் ஸ்டாப்பிங்கில் நாலு பேரும் ஆஜர்!

டிக்கெட் வாங்கி உள்ளே நடக்க நடக்க, ரோட்டு ஹாரன் சத்தம் மெல்ல அடங்கியது. 'என்னடா, மரமெல்லாம் குட்டையா, முள்ளும் புதருமா இருக்கு? காடுன்னா இதுதானா?' என்றான் ஒருத்தன். இதேதான் பாஸ்! நம்ம கடற்கரைச் சமவெளியோட சொந்தக் காடு இப்படித்தான் இருக்கும். கம்மி மழையிலும் பச்சை மாறாத காடு. சிறுவர் பூங்காவைத் தாண்டி இருப்பது கிண்டி தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைய முடியாது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிமான் வந்து நின்றது. அவ்வளவுதான்... நம்மாளு கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டை நீட்டிவிட்டான். எங்கிருந்தோ ஓடிவந்தார் ஊழியர் ஒருவர். 'தம்பி, உப்பு வாசனைக்கு அது கவரையும் சேர்த்து முழுங்கிடும். வயித்துல அடைச்சுக்கிட்டா செத்துடும்பா.' பயலுக்கு முகம் தொங்கிவிட்டது.

ஒரு காலத்தில் இது வெள்ளைக்காரர்களின் வேட்டைக்காடு. 1910-ல் காப்புக்காடாக அறிவித்தபோது பரப்பு சுமார் 505 ஹெக்டேர். 1958-ல் ஐ.ஐ.டி.க்காக ஒரு பகுதி போனது. 1974, 75-ல் ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களுக்கும் இங்கிருந்துதான் இடம். 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது மிச்சம் சுமார் 270 ஹெக்டேர்! இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று.

இதில் ரொம்பப் பாவம் வெளிமான்தான். முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகுமாகக் கம்பீரமா நிற்குமே, அதே மான். பேரே சொல்லுதே... அதுக்கு வேண்டியது புல்வெளி. எதிரி வந்தால் தூரத்திலேயே பார்த்து நாலுகால் பாய்ச்சலில் ஓடணும். ஆனா கிண்டியில் புல்வெளி கொஞ்சம்தான். அதிலும் புதர் மண்டினால் அது எங்கே ஓடும்?

அதனால, 'மரம் நட்டா போதும், காட்டைக் காப்பாத்திடலாம்'னு நினைக்காதீங்க. வெட்டவெளியையும் காப்பாத்தணும். படிக்க காலேஜ் வேணும்தான். அதுக்காகக் காட்டைக் கொடுத்தது போதும். மிச்சத்தையாவது விட்டு வைப்போமே!

திரும்பும்போது நம்ம சிப்ஸ் பார்ட்டி கீழே கிடந்த நாலு கவரைப் பொறுக்கி பேக்குக்குள் திணித்தான். யாரும் கலாய்க்கவில்லை.

நீங்களும் ஒருநாள் போயிட்டு வாங்க. செவ்வாய்க்கிழமை லீவு. சிப்ஸ் பாக்கெட்டுக்கும்தான்!