உத்தியோகம் – 6: அண்ணை றைற்!

சென்ற வாரம் மலாயா ரயில்வேயில் கணக்கெழுதப் போன கிளாக்கர்மாரைப் பார்த்தோம். அவர்கள் அனுப்பிய காசில் கல்வீடுகள் எழும்பிய யாழ்ப்பாண மண்ணில்தான், "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்" என்ற பழமொழியும் வேர்விட்டது. மழையை நம்பிய துண்டுக்காணி ஒரு வருடம் தரும், மறுவருடம் கைவிடும். சம்பளமும் பென்சனும் மாதம் தவறாது. அரசாங்க உத்தியோகத்துக்கான அந்த ஆசையில் பிழையில்லை. ஆனால் மேய்க்கப் போனவனிடம், வேலை பிடித்திருக்கிறதா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கேட்டவர்கள் நகைச்சுவைக் கலைஞர்கள்தான்.

1981இல் வந்த இயக்குநர் பாலசந்தரின் 'தில்லு முல்லு'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் வெளிவந்த 'கோல்மால்' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. கால்பந்தாட்டம் பார்க்கப் போன ரஜினி, முதலாளி தேங்காய் சீனிவாசனின் கண்ணில் பட்டுவிடுகிறார். வேலையைக் காப்பாற்ற மீசையில்லாத ஒரு தம்பியைப் படைக்கிறார். வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். சிரிப்புக்கு அடியில் இருப்பது பயம்: தனக்குப் பிடித்ததைச் சொன்னால் சம்பளம் போய்விடும் என்ற பயம்.

நம்மிடமும் ஒருவர் இருந்தார். கரவெட்டி தந்த கே. எஸ். பாலச்சந்திரன். பஸ் கொண்டக்டர் ஒருவரைப் பற்றிய அவருடைய 'அண்ணை றைற்' தனிநடிப்பில் மேடையில் பஸ் கிடையாது, அவர் மட்டும்தான். கொண்டக்டர், பயணிகள், நெரிசல் எல்லாம் அவர் குரலுக்குள்ளேயே. ஒரே வீதியில் ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லி ஓடும் மனிதன், தன் வாய்ச்சாதுரியத்தால் அந்த நாளைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறான். 2014இல் பாலச்சந்திரன் மறைந்தார். அந்தக் கொண்டக்டர் இன்னும் நம் காதுக்குள் நிற்கிறான்.

மேசை உத்தியோகத்தருக்கு அந்த வாயும் இல்லை.

2017இல் வேலை கேட்டு நம் பட்டதாரிகள் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்கில் குந்தியிருந்தார்கள். 2020இல் நாடெங்கும் பட்டதாரிகள் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாக உள்வாங்கப்பட்டார்கள். அப்படிப் போன, தாவரவியல் படித்த ஒரு பிள்ளை எனக்குச் சொந்தம். மூன்று பேருக்கு ஒரு மேசை. வந்த கடிதங்களைப் பதிந்து முடிய மணி பத்து. பிறகு?

"ஃபைலின்ர நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவன் மாமா. நாலேகால் மட்டும்."

"விட்டிட்டு வேற பாரன் பிள்ளை."

"நியமனக் கடிதம் வந்த அண்டைக்கு அம்மா வைரவருக்குப் பொங்கினவ. எப்பிடி விடுறது?"

அந்த நாடாவை முடிந்து முடிந்து அவளுடைய விரல் நுனி தேய்ந்திருந்தது. இலையைப் பார்த்தே வாழையின் நோயைச் சொல்லக்கூடிய பிள்ளை. நீர்வேலியில் அவளுக்கு எத்தனை வாழைத் தோட்டங்கள் காத்திருக்கும்!

நியமனம் கிடைத்த வீட்டில் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கிறோம். "அங்க என்ன பிள்ளை செய்யிறாய்?" என்றும் கேட்போம். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை இருப்போம்.

(தொடரும்)