பீளமேடு ஒண்ணு

காந்திபுரத்தில் பஸ் ஏறினால் இருபது வருஷமாக நான் கேட்ட டிக்கெட் ‘ஹோப் காலேஜ் ஒண்ணு’. வீடு பீளமேட்டில். அந்த ‘பீ’ வாயில் வராது. பி.எஸ்.ஜி. என்று கேட்கலாமென்றால் அதற்கும் அதே எழுத்து. “ஹோப் காலேஜுக்கு வாங்கிட்டு இங்கயே எறங்கறீங்க?” என்று கண்டக்டர் கேட்டால் சிரித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

எனக்குத் திக்குவாய். சின்ன வயதில் அம்மா நாக்கில் வசம்பு தேய்த்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோரோடும் சேர்ந்து பிரேயர் பாடினால் ஒரு எழுத்தும் திக்காது. அட்டென்டன்ஸில் ‘உள்ளேன் ஐயா’ வராது. பிறகு பம்ப் ஷாஃப்ட் கடையும் லேத் பட்டறையில் சேர்ந்தேன். மெஷின் ஓடினால் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது சவுகரியம்.

2021 மே மாதக் கடைசியில், கோவையின் தினசரிக் கொரோனா தொற்று சென்னையையே தாண்டியிருந்தது. பட்டறைக்குப் பூட்டு. ஆண்ட்ராய்டு போனுக்கு அப்போதுதான் வந்திருந்த கிளப்ஹவுஸ் ஆப்பை அக்கா மகன் ஏற்றிக் கொடுத்தான். முகம் தெரியாது, குரல் மட்டும். கை தூக்கும் பட்டனை அமுக்கினால், ரூம் நடத்துகிறவர் மேடைக்கு ஏற்றுவார். பக்கத்து ரூம்களில் விடிய விடிய சினிமாச் சண்டை. நான் போய்ச் சேர்ந்தது திக்குவாய்க்காரர்கள் பேசும் ரூம். ஈரோட்டு வாத்தியார் ஒருவர், துபாயில் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர், இப்படி.

பெரியவர்களில் சுமார் நூறில் ஒருவருக்குத் திக்கும் என்பது அங்கே கேட்டதுதான். நாக்குத் தடிப்போ பயமோ அதற்குக் காரணமில்லை. பேச்சை நேரம் பிசகாமல் நடத்தும் மூளை வேலையில் இருக்கும் வித்தியாசம், பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். இணையத்தில் இப்படிக் கூடுவதும் புதுசில்லை. அக்டோபர் 22ஐ உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாளாக 1998இல் தொடங்கியபோதே, அமெரிக்கப் பேராசிரியை ஜூடித் கஸ்டர் இணையத்தில் மாநாடு நடத்தியிருக்கிறார்.

ரூமில் ஒரே ஒரு கட்டளை: திக்குகிறவருக்கு வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. உதவி என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். நமக்கோ சோற்றுத் தட்டைப் பிடுங்கின மாதிரி இருக்கும். பதினோரு நாள் கேட்டுக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாம் நாள் கை தூக்கினேன். ஊர் பேர் சொல்ல எத்தனை நேரம் ஆனதோ, அத்தனை நேரமும் எல்லா மைக்கும் மியூட்டில் இருந்தன. யாரும் ‘ம்’ கூடக் கொட்டவில்லை.

வாத்தியார் ஒரு பயிற்சி சொன்னார்: வேண்டுமென்றே திக்குங்க. பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்லிக் கொடுப்பதுதானாம். நாற்பது வருஷம் ஒளித்ததை நானே எடுத்துக் காட்டுவதா? வீட்டுக்காரிக்கு என் ‘பீ-பீ-பீ’ கேட்டுச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

கிளப்ஹவுஸ் கூட்டம் கலைந்துவிட்டது. நாங்கள் பத்துப் பேர் கூகுள் மீட்டுக்கு மாறினோம், ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு. திக்கு போகவில்லை.

போன வாரம் பஸ்ஸில் “பீ...” என்றேன். கண்டக்டர், “பீளமேடுங்களா?” என்று டிக்கெட்டை நீட்டிவிட்டார்.

“ஆமாங்க. ஆனா நானே சொல்லிக்கறனுங்க” என்று, லட்சுமி மில் ஸ்டாப் வரைக்கும் இழுத்துச் சொல்லி முடித்தேன்.